சான் பிரான்சிஸ்கோல ரெண்டு பிளாக் தள்ளுனா பார்க்கிங் மீட்டர் ரேட் பாதியாகுது, இது என்ன கணக்கு?

சன்னிவேல்_மாப்ள:
மக்களே ஒரு சந்தேகம். நான் இருக்கறது சன்னிவேல், சிட்டிக்கு வருஷத்துக்கு நாலஞ்சு தடவை போனா அதிகம். போன சனிக்கிழமை மாமனார் மாமியாரைக் கூட்டிக்கிட்டு மெரினா (நம்ம பீச் இல்ல, இவங்க மெரினா) செஸ்ட்நட் ஸ்ட்ரீட் போனேன். மதியம் ரெண்டு மணி, மூணு ரவுண்டு சுத்தி ஒரு இடம் பிடிச்சு, ரேட்டைக்கூடப் பாக்காம கார்டைத் தேய்ச்சுட்டேன். மாமனார் கால் நீட்டி நடந்துட்டு வர்றேன்னு போனவரு பத்து நிமிஷத்துல வந்து, "மாப்ள, அந்த மூலை திரும்புனா இதே கம்பம்தான் நிக்குது, பாதி காசுதான் போட்டிருக்கு, உங்க தலையில நல்லா அரைச்சுட்டாங்க"ன்னு ஆரம்பிச்சாரு. அவர் சென்னைல ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ரேட் மாறலாம், ஒரே ஸ்டேஜுக்குள்ள எப்படி மாறும்னு வீடு வர வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தாரு. எனக்கும் பதில் தெரியல. ஊபர் மாதிரி கூட்டத்தைப் பாத்து ஏத்துறாங்களா? இல்ல இடத்துக்கு இடம் வாய்க்கு வந்த ரேட்டா?

ஹேயஸ்வேலி_ஹரி:
ஏமாத்தல தம்பி, வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க. 2011ல எஸ்எஃப்பார்க்னு ஒரு பைலட் (சோதனைத் திட்டம்) ஆரம்பிச்சாங்க, ஏழு ஏரியா, கிட்டத்தட்ட 7,000 மீட்டர் இடம், அதுல உங்க மெரினாவும் ஒண்ணு. அப்புறம் 2018ல சிட்டி முழுக்கக் கொண்டு வந்துட்டாங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு பிளாக்ல ஒரு குறிப்பிட்ட நேரத்துல சராசரியா எவ்வளவு இடம் நிரம்பியிருக்குன்னு பாப்பாங்க. 80 சதவீதத்தைத் தாண்டுனா மணிக்கு 25 சென்ட் ஏத்துவாங்க, 60க்குக் கீழ போனா இறக்குவாங்க, நடுவுல இருந்தா கை வைக்க மாட்டாங்க. ஊபர் மாதிரி நிமிஷத்துக்கு நிமிஷம் ஆடாது, சில மாசத்துக்கு ஒரு தடவைதான் மாறும். நாளையும் மூணா வெட்டியிருக்காங்க, மதியம் 12 வரைக்கும் ஒரு ரேட், 12ல இருந்து 3 வரைக்கும் ஒண்ணு, 3க்கு மேல ஒண்ணு, வீக்டே வேற வீக்கெண்ட் வேற. நீங்க போன சனிக்கிழமை மதியம்தான் எல்லாரும் அங்க வந்து விழற நேரம், அதான் அந்த பிளாக் ஏறிக் கிடக்கு, மூலை திரும்புன பிளாக்ல கடை கம்மி, ஆளும் கம்மி.

ஏன் 100 நிரம்பக் கூடாதுன்னா, நிரம்பிட்டா அடுத்து வர்றவன் சுத்துவான். நீங்க சுத்துன அந்த மூணு ரவுண்டுதான் விஷயமே. 2025ல இறந்துபோன டொனால்ட் ஷூப்னு லாஸ் ஏஞ்சலஸ்ல யூசிஎல்ஏ யூனிவர்சிட்டி ப்ரொபசர் ஒருத்தர், இதையே பொழப்பா வெச்சிருந்த மனுஷன். அவங்க காலேஜ் பக்கத்துல வெஸ்ட்வுட் வில்லேஜ்னு வெறும் 15 பிளாக், அங்க இடம் தேடி வண்டிங்க சுத்துற தூரத்தைக் கூட்டிப் பாத்தா வருஷத்துக்கு 9,50,000 மைல் வந்துச்சாம், பூமியை 38 தடவை சுத்துற தூரம். இத்தனைக்கும் ஆளுக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் சுத்துறாங்க.

அண்டா_சுமப்பவன்:
ஹரி அண்ணா சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, கார்ல சும்மா ஊர் பாக்க வர்றவங்களுக்கு. நான் வீக்கெண்ட்ல கேட்டரிங் டெலிவரி பண்றேன், சிட்டில மிஷன்கற ஏரியா பக்கம்தான் பாதி ஆர்டர். ரெண்டு பிளாக் தள்ளி நிறுத்துனா ரேட் கம்மின்னா சாம்பார் அண்டாவை யார் தூக்கிட்டு வர்றது? மூடியை டேப் போட்டு ஒட்டியும் ஒரு தடவை ஜீன்ஸ் முழுக்க சாம்பார். சரக்கு இறக்க மஞ்சள் ஜோன் இருக்கேன்னு சொல்லுவீங்க, அதுக்கு கமர்ஷியல் நம்பர் பிளேட் வேணும், என்னோடது ஓட்டை சியன்னா, வீட்டு வேன். அதனால ஏறுன ரேட்டைக் கட்டிட்டுத்தான் நிறுத்துறேன், என்னை மாதிரி ஆளுங்க ரேட்டைப் பாத்து நகரவே முடியாது.

இன்னொண்ணு யாரும் பேச மாட்டேங்கறாங்க. கலிபோர்னியால மாற்றுத்திறனாளி பிளக்கார்ட் (வண்டில தொங்கவிடற அட்டை) மாட்டியிருந்தா மீட்டருக்கு காசு கிடையாது, டைம் லிமிட்டும் கிடையாது. எங்க அத்தைக்கே இருக்கு, அவங்களுக்குக் கண்டிப்பா வேணும், அதுல குறை சொல்லல. ஆனா நீங்க ரேட்டை எவ்வளவு ஏத்துனாலும் அந்த வண்டிங்க அசையாது, அப்போ அந்த பிளாக்ல பாரம் மொத்தமும் மீதி ஆளுங்க மேலதானே விழுது? எனக்கென்னமோ சிட்டி கல்லா நிரப்ப ஒரு அழகான பேர் வெச்ச மாதிரிதான் தெரியுது.

தி_நகர்_ரிட்டர்ன்:
தம்பி, அண்டா கதை சரி, பிளக்கார்ட் விஷயமும் சரி, ஆனா கல்லா நிரப்பன்னு மட்டும் சொல்லாதீங்க, அங்கதான் நம்பர் வேற மாதிரி இருக்கு. பைலட் முடிஞ்சு வந்த ரிப்போர்ட்ல அந்த ஏரியாக்கள்ல மீட்டர் சராசரி ரேட் 2.69 டாலர்ல இருந்து 2.58க்கு இறங்கியிருந்துச்சு. சிட்டியோட கராஜ்கள்ல (காசு கட்டி வண்டி நிறுத்துற கட்டடம்) இன்னும் அதிகமாவே இறங்குச்சு, 3.45ல இருந்து 3.03. ஏறுன பிளாக் உங்க கண்ணுல படும், இறங்குன பிளாக்குக்கு நீங்க போகவே மாட்டீங்க, அதான் எல்லாருக்கும் ஏத்துறாங்க ஏத்துறாங்கன்னே தோணுது. இடம் தேடுற நேரம் 43 சதவீதம் குறைஞ்சதுன்னு எல்லாரும் பெருமையா சொல்லுவாங்க, ஆனா ரேட்டைத் தொடாம ஒப்பிட்டுப் பாக்க வெச்சிருந்த ஏரியாலயும் 13 குறைஞ்சிருக்கு, அதையும் சேத்துச் சொல்றதுதான் நியாயம்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது டைம் லிமிட்டைத் தளர்த்துனது. முன்னாடி ஒரு மணி, ரெண்டு மணின்னு இருந்ததை பைலட் ஏரியால நாலு மணி ஆக்குனாங்க, சில இடத்துல எடுத்தே விட்டுட்டாங்க. ஃபைனும் குறைஞ்சுது. சாப்பாட்டுக்கு நடுவுல ஓடி வந்து மீட்டரைப் பாக்கற அவஸ்தை இருக்கே, அதை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

இது ஒண்ணும் இப்ப முளைச்ச ஐடியாவும் இல்ல. முதல் மீட்டர் 1935ல ஓக்லஹோமா சிட்டில நட்டாங்க, அஞ்சு சென்ட். 1954லயே வில்லியம் விக்ரின்னு ஒரு எகனாமிஸ்ட் எப்பவும் கொஞ்சம் இடம் காலியா இருக்கற மாதிரி மீட்டர் ரேட்டை வைங்கன்னு எழுதிட்டாரு. அவருக்கு 1996ல நோபல் அறிவிச்சாங்க, மூணே நாள்ல இறந்துட்டாரு பாவம்.

அப்புறம், எங்க ஊர்லயும் கூட்டத்தைப் பாத்து ரேட் வைக்கற இந்த டிமாண்ட் பிரைசிங் எப்பவோ வந்தாச்சு. ரங்கநாதன் தெரு பக்கத்துல விசிலை வாயில வெச்சுக்கிட்டு "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, போதும்"னு ஒருத்தர் நிப்பாரே, தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் சொல்ற ரேட்டும் ஆடில சொல்ற ரேட்டும் ஒண்ணா என்ன? அவர்கிட்ட இறங்குற பழக்கம் மட்டும்தான் இல்ல.

அண்டா_சுமப்பவன்:
அக்கா சரி, ஒத்துக்கறேன், சராசரி இறங்கியிருக்கு. ஆனா அந்த சராசரியே எனக்கு உறுத்துது. 12ல இருந்து 3 வரைக்கும் 70 சதவீதம்னா, முதல் ஒன்றரை மணி நேரம் முழுசா நிரம்பி அப்புறம் 40 சதவீதத்துக்கு இறங்குனாலும் அதே மாதிரிதானே வரும்? நான் போறது அந்த நிரம்புன நேரத்துல.

ஹேயஸ்வேலி_ஹரி:
அது நல்ல பாயிண்ட், மறுக்க மாட்டேன். அதுலயும் பைலட் நேரத்துல ரோட்டுல சென்சார் பதிச்சிருந்தாங்க, ஒவ்வொரு இடமும் காலியா இல்லையான்னு அதுவே சொல்லும். 2013 கடைசில அதை ஆஃப் பண்ணிட்டாங்க. இப்ப மீட்டர்ல விழற காசை வெச்சு எத்தனை வண்டி நின்னுருக்கும்னு கணக்குப் போடறாங்க. காசு கட்டாத வண்டி அந்தக் காசுல தெரியாது, அதையும் மதிப்பிட்டுத்தான் சேக்கணும். உங்க பிளக்கார்ட் கேள்வி இங்கயும் வந்து நிக்குது பாருங்க. டெலிவரிக்கு என்னைக் கேட்டா லோடிங் இடத்தை அதிகமாக்கி அதுக்கும் ரேட் போடணும், ஓட்டை சியன்னாவையும் உள்ள விடணும்.

சன்னிவேல்_மாப்ள:
எல்லாருக்கும் தேங்க்ஸ். மாமனாருக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன். பொறுமையா கேட்டுட்டு "காலியா போனா ரேட்டைக் குறைக்கறதா? 21ஜி நைட்டு காலியா போகும், நாங்க ஒரு நாளும் அஞ்சு பைசா குறைச்சதில்ல"ன்னாரு. அந்த விசில்காரர் கதைக்கு மட்டும் சிரிச்சாரு. அடுத்த மாசம் மறுபடி போகணும்கறாங்க, போறதுக்கு முன்னாடி எந்த பிளாக் என்ன ரேட்னு பாக்க முடியுமா?

ஹேயஸ்வேலி_ஹரி:
எஸ்எஃப்எம்டிஏ (சிட்டியோட போக்குவரத்துத் துறை) சைட்ல பிளாக் வாரியா போட்டிருப்பாங்க, மாத்தறதுக்கு முன்னாடியே லிஸ்ட் வந்துடும். ஆனா வயசானவங்களோட போறீங்க, 12க்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுங்க, அதுவே பாதி பிரச்சனையை முடிச்சிடும். இல்லன்னா நேரா கராஜுக்குப் போங்க, பல இடத்துல தெருவைவிட சல்லிசு. சரிவுல நிறுத்துனா, வண்டி இறக்கத்தைப் பாத்து நின்னா வீலை கர்ப் (நடைபாதை ஓரக் கல்) பக்கம், ஏத்தத்தைப் பாத்து நின்னா ரோட்டுப் பக்கம் திருப்பி வைங்க, இல்லன்னா அதுக்கு இங்க தனி ஃபைன் டிக்கெட்.

சன்னிவேல்_மாப்ள:
வீல் டிக்கெட் அன்னைக்கே வாங்கியாச்சு அண்ணா. அதை மாமனார்கிட்ட இன்னும் சொல்லல.