குவாட்டர்பேக்: வெள்ளி இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்புநர்: பஃபலோ ஆசிரியை

அவையோருக்கு வணக்கம். நான் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஆண்டு விழா, அதில் என் வகுப்புப் பிள்ளைகள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். நகர வாழ்க்கையா, கிராம வாழ்க்கையா என்ற தலைப்பைக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர்களே ஒரு தலைப்பு வைத்துக்கொண்டார்கள்: "பஃபலோ பில்ஸ் கோப்பை வெல்லாததற்குக் காரணம் ஜாஷ் ஆலனா, அணியின் தற்காப்பா?" பில்ஸ் எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி. ஆலன் அதன் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அன்று முதல் வகுப்பில் தமிழ் மடை திறந்து ஓடுகிறது.

குவாட்டர்பேக் என்பதற்குத் தமிழ்ச் சொல் இல்லாததுதான் இப்போது முட்டுக்கட்டை. அப்படியே சொல்லிவிடலாம் என்றால், விழாவுக்கு ஊரிலிருந்து தாத்தா பாட்டிகள் வந்திருக்கிறார்கள். ஒத்திகையில் ஆலனின் 17ஆம் எண் சட்டை அணிந்த ஒரு சிறுவன், "எங்கள் குவாட்டர் மிக வலிமையானது" என்று கையை உயர்த்தி முழங்கினான். முன்வரிசைத் தாத்தா ஒருவர் சிரித்த சிரிப்பில் பல்செட் கையோடு வந்துவிட்டது. சிறுவனுக்கு இன்று வரை காரணம் தெரியாது. நானும் விளக்கவில்லை.

வெள்ளி இரவு பதாகை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர் (ஓய்வு)

அன்புள்ள அம்மா, கவலை வேண்டாம். சொல் ஏற்கெனவே பிறந்து கிடக்கிறது, தூசு தட்டி எடுக்க வேண்டியதுதான். இந்த ஆட்டத்துக்குத் தாயான ரக்பியில் இரு அணியும் மொய்த்துத் தள்ளுவார்கள். அதை விலக்கி, ஓர் அணி பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கும் விதியை 1880இல் கொண்டுவந்தவர் வால்டர் கேம்ப். வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்களோ, அதற்கேற்பக் கால், அரை, முழு என்று பெயர் பெற்றார்கள். ஆகவே காற்பின்னன், அரைப்பின்னன், முழுப்பின்னன். ஒன்று கேட்டீர்கள், மூன்று தந்துவிட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு அடுக்கும் பட்டியல் "கண்கால் புறமகம் உள்ளுழை கீழ்மேல் பின்சார்" என்று போகிறது. கால், பின் இரண்டும் அதில் இடப்பொருளில் நிற்கின்றன. இரண்டு இடப்பொருளும் ஒரே ஆள்மேல் வந்து உட்காரும் சொல் வேறு எந்த மொழியில் கிடைக்கும்?

அனுப்புநர்: டொராண்டோ

ஐயா, உங்கள் புணர்ச்சியில் குறையில்லை. ஆட்டத்தில்தான் இடிக்கிறது. இந்த விளையாட்டில் பந்தைக் காலால் உதைக்கத் தனியாக ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். நாம் பேசுகிற ஆளோ கையால் எறிகிறவர். அவரைப் போய்க் 'கால்' என்றால் நாற்காலிக்கு நீச்சல் உடை தைத்தது போல இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் உதைபந்தாட்டம் என்கிறோம், சிங்கப்பூரில் காற்பந்து, தமிழ்நாட்டில் கால்பந்து. அமெரிக்காவில் நடப்பது இந்த மூன்றிலும் சேராது.

'பின்னன்' என்று என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "சடை பின்னுகிறவரா அப்பா?" என்றாள். என் தாயார் அடுப்படியிலிருந்து, "பின்னம் என்றால் உடைந்தது, ஆட்டத்துக்கு முன்னமே அப்படிச் சொல்லாதே" என்றார். இருவருக்கும் என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம் என்றாலும் பில்ஸ் எங்களுக்கும் உரியவர்கள்தான். 2008 முதல் 2013 வரை சில ஆட்டங்களை அவர்கள் டொராண்டோவில் வந்து ஆடினார்கள். துன்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அனுப்புநர்: கேன்சஸ் சிட்டி

எங்கள் ஊரில் அந்த வேலைக்கு ஒரு சொல் இருக்கிறது: எங்கள் குவாட்டர்பேக்கின் பெயரான மஹோம்ஸ். 2020, 2023, 2024 என்று மூன்று கோப்பை வாங்கித் தந்த சொல்.

கோபிக்காதீர்கள், பயனுள்ளதும் சொல்கிறேன். படைத்தலைவன் என்று வையுங்கள். "நிலைமக்கள் சால உடைத்தெனினும் தானை தலைமக்கள் இல்வழி இல்" என்று வள்ளுவரே தீர்ப்பு எழுதிவிட்டார். தாத்தா பாட்டிக்கும் புரியும்.

அனுப்புநர்: பஃபலோ ஆசிரியை

படைத்தலைவனை நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 'ஆலனே காரணம்' அணி துள்ளிக் குதித்தது. 'தற்காப்பே காரணம்' அணியில் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், இந்தச் சொல்லை வைத்தால் நாங்கள் பேசுவதற்கு முன்பே தோற்றுவிட்டோம்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரி. படை தோற்றால் தலைவன் தோற்றான், அவ்வளவுதான். அதற்குமேல் வாதாட இடம் ஏது? அவள் வாதமோ கேன்சஸ் சிட்டிக்கு எதிரான 2022 ஜனவரி ஆட்டத்தை வைத்து நிற்கிறது. ஆலன் நான்கு முறை பந்தை எல்லைக்குள் எறிந்து, 36-33 என்று முன்னிலை வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தபோது மீதி இருந்தது 13 வினாடி. கேன்சஸ் சிட்டி இரண்டே எறிதலில் 44 கஜம் நகர்ந்து, உதைத்துச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் நாணயச் சுண்டலில் அவர்கள் வென்றார்கள், பந்தை வாங்கினார்கள், முடித்தார்கள். 42-36. ஆலன் கைக்குப் பந்து திரும்பி வரவே இல்லை. பிறகு இறுதிச்சுற்று ஆட்டங்களுக்கு விதியையே மாற்றினார்கள்.

அந்தச் சிறுமி இதைச் சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, வகுப்பு முழுவதையும் பதின்மூன்று வரை வாய்விட்டு எண்ண வைக்கிறாள். எண்ணி முடித்ததும், "இந்த நேரம் முழுவதும் ஆலன் எங்கே இருந்தார்? இருக்கையில்!" என்கிறாள். எதிரணிக்குப் பதில் வருவதில்லை.

அதனால் சொல் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். பழியும் போடக்கூடாது, பாராட்டவும் கூடாது.

அனுப்புநர்: சென்னை மொழிபெயர்ப்பாளர்

ஆட்டம் எனக்குப் புதிது. நேற்று இரவு இரண்டு மணி வரை காணொளி பார்த்தேன். அந்த ஆள் செய்வது இரண்டு வேலை. கூடிநிற்கும் பத்துப் பேருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார், பிறகு பந்தை எறிகிறார். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை இருக்கிறது, ஏவு. ஆளை ஏவலாம், அம்பையும் ஏவலாம். ஏவுகணையைப் பாட்டிகளும் செய்தியில் கேட்டிருப்பார்கள்.

என் பரிந்துரை: ஏவுநர். நான்கே எழுத்து. பதாகையில் இடம் மிஞ்சும்.

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, சொல் அழகு. ஆனால் ஏவல் என்றதும் எங்கள் ஊரில் எலுமிச்சம்பழமும் முச்சந்தியும்தான் நினைவுக்கு வரும். பில்லி, சூனியம், ஏவல் என்று அடுக்கிச் சொல்லும் வழக்கு உண்டே. ஏவலாள் என்றாலோ வேலைக்காரன். வெற்றி வீரனைக் குறிக்க வந்த சொல் எஜமானுக்கும் அடியாளுக்கும் நடுவில் ஊசலாடலாமா?

அனுப்புநர்: சென்னை மொழிபெயர்ப்பாளர்

அந்த ஊசலாட்டம்தான் ஐயா உண்மை! 1994 முதல் அவர் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கி வைக்க விதி இடம் தருகிறது. பயிற்சியாளர் வெளியே நின்று அடுத்த நகர்வைக் காதில் ஓதுகிறார். ஒவ்வொரு நகர்வையும் தொடங்கக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 வினாடி மிச்சம் இருக்கும்போது அந்த ஒலி அறுந்துவிடும். அதுவரை அவர் ஏவப்படுகிறவர், அதன்பின் ஏவுகிறவர். செயப்பாட்டுவினையும் செய்வினையும் ஒரே தலைக்கவசத்தில்.

சூனியத்தைப் பொறுத்தவரை, பஃபலோக்காரர்கள் அதை மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அனுப்புநர்: டொராண்டோ

மறுக்க மாட்டோம். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு முறை இறுதிப் போட்டிக்குப் போய் நான்கிலும் தோற்ற அணி. முதல் தோல்வி 20-19. கடைசி நொடிகளில் 47 கஜத்திலிருந்து உதைத்த பந்து வலப்பக்கம் விலகிப் போனது. 33 ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 44 கஜ உதை. அதுவும் வலப்பக்கமே விலகியது. 27-24. ஏவல் இல்லாமல் வேறென்ன?

அனுப்புநர்: பஃபலோ ஆசிரியை

அந்த 2024 ஜனவரியில் அரங்கம் பனியில் மூழ்கி, மணிக்கு 20 டாலர் தருகிறோம், அள்ள வாருங்கள் என்று அணி நிர்வாகமே ஊரை அழைத்தது. என் கணவர் மண்வாரியோடு போனார். வாங்கிய கூலி முதுகுவலித் தைலத்துக்குச் சரியாகப் போயிற்று. அவரிடம் சொல் கேட்டேன். "ஆலன் என்றே சொல். குடிப்பெயர் பொதுப்பெயர் ஆகட்டும்" என்றார். ஆல மரம், ஆலால கண்டன் என்று ஐயா தொடங்கிவிடுவார் என்பதால் இதை யாரும் பரிசீலிக்க வேண்டாம்.

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர் (ஓய்வு)

தொடங்க மாட்டேன். ஆனால் 'கால்' பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. காற்று என்பதும் கால்தான். எறிந்த பந்து காற்றில் போகிறது. 1906க்கு முன் முன்னோக்கி எறிய விதி இடம் தரவில்லை என்று படித்தேன். அந்த ஆண்டு முதல் காற்பின்னன் காலைத் துணைகொண்டான் என்று கொள்ளலாம். கரிகாலன் பெயரிலும் கால் உண்டு.

கரிகாலன் என்றதும் வெண்ணிப் போர் நினைவுக்கு வருகிறது. வென்றவன் அவன். ஆனால் வெண்ணிக்குயத்தியார் அவன் முகத்துக்கு நேரே, "வென்றோய், நின்னினும் நல்லன் அன்றே" என்று தோற்றவனைப் பாடினார். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனே உன்னைவிட நல்லவன் என்கிறார். உங்கள் பிள்ளைகள் இந்தப் பாட்டைப் படித்தால், கோப்பை வெல்லாத வீரனைப் பற்றிப் பட்டிமன்றமே தேவைப்படாது.

அனுப்புநர்: கேன்சஸ் சிட்டி

ஐயா, தோற்ற ஊருக்குப் புறநானூறு எப்போதும் கைகொடுக்கும். நாங்கள் கரிகாலனாகவே இருந்துகொள்கிறோம்.

ஆனாலும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். டேன் மரீனோ என்ற குவாட்டர்பேக் ஒரு கோப்பையும் வெல்லாமல் ஓய்வு பெற்றார். ட்ரென்ட் டில்ஃபர் என்ற இன்னொரு குவாட்டர்பேக் 2001 ஜனவரியில் பால்ட்டிமோரின் தற்காப்பு வாங்கித் தந்த கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டில் அந்த அணி அவரை விடுவித்துவிட்டது. இருவரில் யார் சிறந்த ஆட்டக்காரர் என்று கேட்டால் சின்னக் குழந்தையும் மரீனோவைக் காட்டும். படைத்தலைவன் என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். வள்ளுவரிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் 2025 ஜனவரியில் பில்ஸை நாங்கள் 32-29 என்று வென்ற ஆட்டத்தில், அவர்களுடைய கடைசி எறிதலை எங்கள் ஆட்கள் முறியடித்தபோது, ஆலன் இருக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை. களத்தில்தான் இருந்தார். பந்தும் அவர் கையில்தான் இருந்தது. 'ஆலனே காரணம்' அணிக்கு இதைக் கொடுத்துவிடுங்கள்.

அனுப்புநர்: டொராண்டோ

கொடுக்கலாம். கூடவே எதிரணி ஆட்கள் பாய்ந்து வர, பின்வாங்கிக்கொண்டே எறிந்த பந்து அது என்பதையும் கொடுங்கள். தும்பைத் திணைக்கு இலக்கணமே "வேந்தனைச் சென்று தலையழிக்கும்" சிறப்புத்தான். எதிரணி ஆட்கள் வரிசையை உடைத்துக்கொண்டு அவரை வீழ்த்தும் செயலுக்குத் 'தலையழிப்பு' என்று பெயரிடலாமா? ஒரு வேலையாக வந்து இன்னொன்று கிடைத்துவிட்டது.

அனுப்புநர்: சென்னை மொழிபெயர்ப்பாளர்

வேண்டாம், குழந்தைகள் மேடை. இன்று வியாழன். ஒரு சொல்லை முடிப்போம்.

அனுப்புநர்: பஃபலோ ஆசிரியை

எண்ணிப் பார்த்தேன். ஏவுநருக்குச் சென்னை, டொராண்டோ, கேன்சஸ் சிட்டி (அரை மனதாக), நான். காற்பின்னனுக்கு மதுரை ஐயா. பிள்ளைகளிடம் இரண்டையும் சொன்னேன். ஏவுநர் என்றதும் 17ஆம் எண் சிறுவன் கையை ஓங்கி எறிவது போலக் காட்டினான். காற்பின்னன் என்றதும் எல்லோரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். ஏவுநரையே அச்சுக்கு அனுப்புகிறேன். உணர்ச்சிவசப்படும் நேரத்தில் குவாட்டர்பேக் என்றுதான் வாயில் வரும், அதைத் தடுக்க என்னால் முடியாது.

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர் (ஓய்வு)

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன். என் அகராதிப் பையில் மட்டும் காற்பின்னன் என்றே எழுதி வைக்கிறேன். ஏவுநர் என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன்.

அனுப்புநர்: பஃபலோ ஆசிரியை

பதாகை வந்துவிட்டது. எட்டடி நீளம், நீலமும் சிவப்பும். படம் இணைத்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஏவுனர்' என்று இருக்கிறது. ஓட்டுநர், நடத்துநர், பெறுநர் எல்லாவற்றிலும் வருவது தந்நகரம். இந்தக் குழுவில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு மடலின் தலையிலும் 'அனுப்புநர்' என்று சரியாகத்தானே இருக்கிறது!

என் காற்பின்னனில் வரும் மூன்றும் றன்னகரமே. தவறுவதற்கு வழியே இல்லை.