முன்னறைக்கு கொலம் ரேடியேட்டர்: சூடு போதுமா, காசு கட்டுமா?

இல்ஃபோர்ட்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வீடு இல்ஃபோர்டில், விக்டோரியன் காலத்து டெரஸ். முன்னறையில் பே விண்டோவுக்குக் (வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற ஜன்னல்) கீழே இருக்கிற ஒற்றைப் பலகை ரேடியேட்டர் அடியில் துருப்பிடித்துக் கசியத் தொடங்கிவிட்டது, கசியாத நாளிலும் டிசம்பரில் கை வைக்க முடியாமல் சுடுமே தவிர சோபாவில் இருக்கிறவருக்குப் போர்வை வேண்டும். மாற்றுவதென்று ஆகிவிட்டது, வீட்டில் கொலம் ரேடியேட்டர்தான் வேண்டுமாம், பழைய பள்ளிக்கூடங்களில் குழாய் குழாயாக நிற்குமே அந்த மாதிரி. கையில் 250 பவுண்ஸ், அதற்குள் முடிந்தால் நல்லது.

அறை 4 மீட்டருக்கு 3.6, உயரம் 2.7. ஒன்லைனில் பார்த்தால் தலை சுற்றுகிறது. 60 செ.மீ. உயரம், ஒரு மீட்டர் அகலம், 3 கொலம் (முன்பின்னாக மூன்று வரிசைக் குழாய்), ஒரு கடையில் 5,250 பி.டி.யூ. (மணிக்கு எவ்வளவு சூடு தரும் என்கிற அளவு) என்கிறான், அதே அளவு, பார்த்தால் அதே சாமான், இன்னொரு கடையில் 6,650, விலையும் குறைவு. எதை நம்புவது? என் அறைக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? கொம்பி பொயிலர் (ஹீட்டிங்குக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் ஒன்றே), வயது அதிகமில்லை.

குளிர்பயந்தான்:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பிளக்கில் குத்துகிற எண்ணெய் ரேடியேட்டர் ஒன்று வாங்குங்கள், அதுவும் பார்க்க அப்படியேதான் இருக்கும், நூறு பவுண்ஸுக்குள் முடிந்துவிடும், பிளம்பரும் வேண்டாம்.

ஹீட்டிங்_அண்ணை:

குளிர்பயந்தான், அது வேறு சாமான். கரண்டில் ஓடுவது. ஒரு யூனிட் கரண்ட் விலை காஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு, மாலை முழுக்க அதைப் போட்டுவிட்டு பில் வரும்போது இங்கே வந்து அழக்கூடாது. ஒரு மணி நேரம் ஒரு சின்ன அறைக்கென்றால் சரி.

இல்ஃபோர்ட் தம்பிக்கு: இரண்டு கடையும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஒன்று உங்களை ஏமாற்றுகிறது. பட்டியலில் சின்ன எழுத்தில் டெல்டா டி என்று இருக்கும், அதைத் தேடுங்கள். தண்ணீரின் சராசரிச் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள இடைவெளி அது. தண்ணீர் 75 டிகிரியில் போய் 65இல் திரும்பினால் சராசரி 70, அறை 20, ஆக டெல்டா டி 50. ஐரோப்பியத் தரமான ஈ.என். 442 இப்படித்தான் சொல்லச் சொல்கிறது. மற்றவன் டெல்டா டி 60க்குப் போட்டிருப்பான், அதே இரும்புக்கு எண் மட்டும் கிட்டத்தட்ட 27 வீதம் கூடும். உங்கள் 5,250ஐ 1.27ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த 6,650 வந்து நிற்கும். எந்த டெல்டா என்றே போடாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

இனி அறைக்கு எவ்வளவு. இணையத்தில் இருக்கிற கால்குலேட்டர்கள் பல நீள அகலத்தைக் கேட்டுவிட்டு ஒரு எண்ணைத் துப்பும், சுவர் என்ன சுவர் என்று கேட்காது. உங்கள் வீடு 9 அங்குலச் செங்கல் சுவர், நடுவே இடைவெளி இல்லாத வகை என்று வைத்துக்கொள்கிறேன். அந்தச் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு, வெளியே உள்ளே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 2 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே விடும். முன்சுவர் ஜன்னல் போக 6.7 சதுர மீட்டர் என்றால் 14 வாட். ஜன்னல் பழைய டபுள் கிளேசிங், 3 சதுர மீட்டர், 8 வாட் (பே பெரிசென்றால் கூட்டிக்கொள்ளுங்கள்). பலகைத் தரை, கீழே காற்றோட்டம், 10 வாட். பக்கத்து வீட்டுச் சுவர், மேலே படுக்கையறை, இரண்டும் சூடாக இருப்பதால் விட்டுவிடலாம். பெரிய திருடன் காற்று: பழைய வீட்டில் அறைக் காற்று மணிக்கு ஒன்றரைத் தடவை மாறும் என்று கணக்குப் போடுவது வழக்கம், அது 19 வாட். எல்லாம் கூட்டினால் டிகிரிக்கு 51. லண்டன் குளிருக்கு வீட்டுக்கு வெளியே மைனஸ் 2, உள்ளே 21 என்று வைப்போம், வித்தியாசம் 23. பெருக்கினால் ஏறக்குறைய 1,200 வாட். 3.41ஆல் பெருக்கினால் 4,100 பி.டி.யூ. அளவில்.

ஆக 3 கொலம் ஒரு மீட்டர் உங்களுக்குப் போதும், பொயிலர் 75இல் ஓடினால். இந்த "ஓடினால்" முக்கியம், கீழே கேளுங்கள் சொல்கிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

ஒன்று, அடுப்புக் குழி திறந்திருக்கிறதா? புகைபோக்கி வழியாக மேலே போகிற சூட்டை எந்த ரேடியேட்டரும் ஈடுகட்டாது. பாவிக்காவிட்டால் முதலில் அதற்கு பலூன் வைத்து அடையுங்கள்.

மீனா_ஹாரோ:

அண்ணா சொன்னது எல்லாம் சரி, நான் காசுப் பக்கம் மட்டும் பேசுகிறேன். கொலம் வாங்குவது அழகுக்கு, சூட்டுக்கு இல்லை, இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 60 செ.மீ. உயரம் ஒரு மீட்டர் அகலத்தில் சாதாரண கே2, அதாவது இரட்டைப் பலகை நடுவே மடிப்புத் தகடு வைத்தது, 1,700 வாட் கொடுக்கும். அதே இடத்தில் 3 கொலம் 1,500 அளவுதான், விலை இரண்டு மடங்கு, சில நேரம் மூன்று. நாங்கள் விருந்தாளி கண்ணில் படுகிற முன்னறைக்கு மட்டும் கொலம் போட்டோம், படுக்கையறைகளுக்குப் பேசாமல் கே2. ஆறு அறைக்கும் கொலம் என்று ஆரம்பித்தால் ஹாலிடேக்கு வைத்த காசு போன மாதிரிதான்.

இன்னொன்று, கலர். கருஞ்சாம்பல் நிறத்துக்கு 40, 50 பவுண்டு கூடக் கேட்பார்கள். சூட்டில் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது. காஸ்ட் அயர்ன் பக்கம் போகவே வேண்டாம், பலகைத் தரையில் அந்த எடை, தூக்க ஆளும் வேண்டும். ஸ்டீல் போதும். திரைச்சீலை தரை வரை தொங்குகிறதா? ராத்திரி அதை இழுத்து மூடினால் ரேடியேட்டர் திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கண்ணாடியைத்தான் சூடாக்கும், ஜன்னல் விளிம்போடு நிற்கிற மாதிரி வெட்டித் தைத்துவிடுங்கள்.

இல்ஃபோர்ட்வாசி:

நன்றி அண்ணை, நன்றி அக்கா. அடுப்புக் குழி திறந்துதான் கிடக்கிறது, குனிந்து கையை நீட்டினால் காற்று தெரிகிறது! பொயிலரைப் பார்த்தேன், 70இல் இருக்கிறது. 60க்குக் குறைத்தால் காஸ் மிச்சம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அப்படிச் செய்தால் இந்தக் கணக்கு என்னாகும்?

ஹீட்டிங்_அண்ணை:

அதைத்தான் சொல்ல வந்தேன். கொண்டென்சிங் பொயிலர் (புகையோடு போகிற சூட்டையும் பிடிக்கிற வகை, உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும்) உண்மையாக மிச்சம் பிடிப்பது திரும்பி வருகிற தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான். 60இல் அனுப்பி 50இல் திரும்பினால் டெல்டா டி 35, ரேடியேட்டர் பட்டியலில் உள்ளதில் 63 வீதம்தான் தரும். உங்கள் 3 கொலம் 1,540 வாட் 970க்கு இறங்கிவிடும், போதாது. அதே அகலத்தில் 4 கொலம் எடுத்தால் பட்டியலில் 2,000 வாட் பக்கம் வரும், 60இல் ஓட்டினாலும் 1,250 கிடைக்கும். ஆகவே உங்களுக்கு 4 கொலம். சுவரிலிருந்து கூடுதலாக மூன்று நான்கு செ.மீ. வெளியே நிற்கும், பே விண்டோவுக்குள் அது பிரச்சினை இல்லை. நாளைக்கு பொயிலருக்குப் பதில் ஹீட் பம்ப் வைத்தாலும், அதன் தண்ணீர் இவ்வளவு சூடாக இராது என்பதால், பெரிய ரேடியேட்டர் உதவும். பெரிசு போட்டால் பில் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அறை 21க்கு வந்ததும் டி.ஆர்.வி. (அறைச் சூட்டைப் பார்த்துத் தானே மூடுகிற ரேடியேட்டர் வால்வு) மூடிக்கொள்ளும். ஆனால் தெர்மோஸ்டாட் அதே அறையில் இருந்தால் அங்கே டி.ஆர்.வி. வேண்டாம், இரண்டும் அடித்துக்கொள்ளும்.

250க்குள் 4 கொலம் வெள்ளையில் தேடினால் கிடைக்கலாம், சேலில் பாருங்கள், ஆனால் வால்வு, பிராக்கெட், கால் எல்லாம் விலையில் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், வால்வு தனியாக என்றால் அதற்கே ஒரு தொகை போகும்.

குளிர்பயந்தான்:

சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் இதை நாமே மாட்டலாமா? காஸ் சேஃப் (காஸ் வேலைக்குப் பதிவு பெற்ற) ஆள்தான் வேண்டுமா?

ஹீட்டிங்_அண்ணை:

பொயிலரின் காஸ் பக்கம் கை வைப்பதென்றால்தான் காஸ் சேஃப். ரேடியேட்டர் தண்ணீர் வேலை, கை ஓடுகிறவர் செய்யலாம். சிக்கல் குழாயில். கொலம் ரேடியேட்டர் பழைய பலகையின் அகலத்துக்குச் சரியாக வராது, தரையிலிருந்து வருகிற இரண்டு குழாய்க்கும் நடுவே உள்ள தூரத்தை மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொள்ளுங்கள், ரேடியேட்டர் அகலத்தோடு ஒவ்வொரு பக்கமும் வால்வுக்கு 3, 4 செ.மீ. சேர்த்தால் அந்தத் தூரம் வர வேண்டும். ஒரு செக்ஷன் (பக்கவாட்டில் வரிசையாகச் சேர்கிற ஒரு துண்டு) 4.5 செ.மீ. சொச்சம் என்பதால் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ வாங்கினால் பல வீடுகளில் பலகையைக் கிளப்பாமலே தப்பலாம். பழைய தண்ணீர் கறுப்பாக வந்தால் சிஸ்டத்தைக் கழுவாமல் புதிசை மாட்ட வேண்டாம், நிரப்பும்போது இன்ஹிபிட்டர் (துருப்பிடிக்காமல் தடுக்கிற திரவம்) ஊற்றுங்கள், அது ஊற்றாவிட்டால் கேரண்டி இல்லை என்று கடைக்காரன் சொல்வான்.

இல்ஃபோர்ட்வாசி:

அளந்தேன், மையத்துக்கு மையம் 108 செ.மீ. அப்படியென்றால் 22 செக்ஷன்?

ஹீட்டிங்_அண்ணை:

22 சரியாக வரும். ஆனால் ஓர்டர் பண்ண முன்னம் அந்தக் கடையின் வரைபடத்தில் மொத்த அகலத்தை ஒருதரம் பாருங்கள், கடைக்குக் கடை ஒரு செ.மீ. இரண்டு செ.மீ. மாறும்.