காரண்ட்டில் கேலிபர் மாற்றம்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை:

இதை எங்காவது எழுதிவைக்காவிட்டால் மனசு ஆறாது. ஒஹையோவில் நான் போகும் ரேஞ்ச். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், கையில் எம்1 காரண்ட், இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க ராணுவத் துப்பாக்கி. நீளமான .30-06 தோட்டாவுக்குச் செய்தது; இது அமெரிக்கக் கடற்படைக்காக 7.62 நேட்டோ கேலிபருக்கு, அதாவது அந்தக் குட்டையான தோட்டாவின் அளவுக்கு, மாற்றப்பட்ட ரகம். அதற்குக் கிட்டத்தட்ட இணையான .308 தோட்டா போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார். முதல் கிளிப்பில் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு) எட்டும் ஒழுங்காகப் போய், கடைசியில் கிளிப் 'டிங்' என்று எகிறி விழுந்தது. இரண்டாவது கிளிப்பின் நடுவில் ஒரு வெற்றுக்கூடு தெறித்து வந்து என் மேசையில் விழுந்தது. அதன் கழுத்தைச் சுற்றி ஓர் எஃகு வளையம்.

அது என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள்ளேயே இருக்கவேண்டிய புஷிங், அதாவது சேம்பரைச் சிறிதாக்கும் வளையம், சுட்ட கூட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் கவனிக்கவில்லை, கவனிக்கவும் வழியில்லை, கண் இலக்கில் இருந்தது. காரண்ட் தானாக அடுத்ததை ஏற்றிவிடும் துப்பாக்கி ஆயிற்றே, அதனால் அந்த வளையம் என் மேசையில் உருண்டுகொண்டிருந்த நேரத்திலேயே அடுத்த .308 தோட்டா உள்ளே போய், சேம்பரின் பின்வாயை அடைக்கும் போல்ட்டும் மூடியாயிற்று, புஷிங் இல்லாத வெறும் .30-06 சேம்பரில். அவர் விரல் மறுபடி ட்ரிக்கருக்குப் போனதை நான் பார்த்தேன். 'சீஸ் ஃபயர்' என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ரேஞ்ச் ஆபீசர் ஓடிவந்தார், எல்லா லேனும் நின்றது.

என்னை விடாமல் அரிப்பது ஒன்றுதான். அவருக்கு அதை விற்ற ஆள் புஷிங் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. 'இது .308 சுடும்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் பின்பக்கத்தில் பார்த்தால் பழையபடி கேலிபர் .30 எம்1 என்றுதான் பொறித்திருக்கிறது.

பழையஇரும்பு:

ஏரிக்கரை, நீங்கள் கத்தியது நல்ல காரியம். ஆனால் இதைப் படித்துவிட்டு .308 காரண்ட் என்றாலே வெடித்துவிடும் என்று யாரும் கிளம்பக்கூடாது, அதனால் முழுதாகச் சொல்கிறேன். 1954-ல் நேட்டோ 7.62x51-ஐ ஏற்றுக்கொண்டது, 1957-ல் அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவைச் சுடும் எம்14 துப்பாக்கியை எடுத்தது. கடற்படைக்குப் போதுமான எம்14 வந்து சேரவில்லை, கையில் இருந்ததோ காரண்ட். பழைய சேம்பர் 63 மில்லிமீட்டர் கூட்டுக்கானது, புதிய கூடு 51. முன்னால் மிச்சமாகும் இடத்தை அடைக்கத்தான் அந்தப் புஷிங். பேரலை (துப்பாக்கிக் குழாயை) மாற்றாமல் செலவைக் குறைக்கும் வழி அது. அது கழன்று வருகிறது என்று தெரிந்ததும் கடற்படையே அந்த வழியை விட்டுவிட்டு, 7.62-க்கென்றே செய்த புதுப் பேரல்களைப் போட ஆரம்பித்தது. குற்றம் கேலிபர் மாற்றத்தில் இல்லை, அந்தக் குறுக்குவழியில்.

என் கதைக்கு வருகிறேன். என்னுடையது புதுப் பேரல் போட்ட .308. அலபாமாவில் ஒரு போட்டிக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கே வந்திருந்த ஒரு முன்னாள் கடற்படைக்காரர், எண்பது வயதாவது இருக்கும், வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பூட்டினார், கிளிப் இறங்கும் குழியின் முன்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினார், நிமிர்ந்து என்னைப் பார்த்து 'அந்தக் கட்டை எங்கே?' என்றார். கடற்படை மாற்றிய துப்பாக்கிகளில் குழியின் முன்பக்கம் ஒரு தடுப்புக்கட்டை இருக்கும், நீளமான .30-06 உள்ளே இறங்காதபடி. இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பாகத்தின் விட்டம் ஒன்று, கிளிப்பும் ஒன்று, குண்டின் விட்டமும் .308 அங்குலம்தான். ஆக அவசரத்தில் தவறான கிளிப்பைத் தடுப்பது அந்தக் கட்டை மட்டும்தான். அவர் ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பற்றிப் பேசவில்லை, தன் கப்பலில் இருந்த பதினெட்டு வயதுப் பையன்களைப் பற்றிப் பேசினார். அடுத்த வாரமே ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டேன்.

கடல்பறவை:

காரண்ட் மட்டும்தானா, எஃப்.என்.-49 பற்றி யாருமே பேசமாட்டேன் என்கிறீர்கள். பெல்ஜியத்தில் டியூடோனே சேவ் வடிவமைத்தது, பின்னால் ஃபால் துப்பாக்கியைக் கொடுத்த அதே மனிதர். அர்ஜென்டினா கடற்படை இதை 7.65x53-ல் வாங்கியது, பிறகு 7.62 நேட்டோவுக்கு மாற்றியது. மாற்றும்போது பத்துத் தோட்டா பிடிக்கும் நிலையான பெட்டியை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டும் இருபது தோட்டா மேகஸின் வருமாறும் செய்துகொண்டார்கள். டெக்சஸில் ஒரு துப்பாக்கிச் சந்தையில் ஒன்றைக் கையில் எடுத்தேன். போல்ட்டை இழுத்து விட்டதும் அது வழுக்கிக்கொண்டு போய் மூடிய விதம் இருக்கிறதே, எழுபது வருடப் பழைய இரும்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேசைக்காரர் 'இது ஒரிஜினல் இல்லை, மாற்றியது' என்று குரலைத் தாழ்த்தி, விலையையும் தாழ்த்திச் சொன்னார். ஒரு நாட்டின் கடற்படை தன் பட்டறையில் யோசித்துச் செய்த வேலைக்கு எதற்கு வெட்கப்படவேண்டும்? அன்றைக்கு வாங்காமல் வந்தது இன்னும் வலிக்கிறது.

குறிபார்:

மேசைக்காரர் சொன்னதில் தப்பே இல்லை, கடல்பறவை. அசல் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பதே என் கட்சி. நான் பார்த்ததும் சின்ன விஷயம்தான். நண்பர் ஒருவர் மாற்றிய காரண்ட்டையும் மாற்றாத காரண்ட்டையும் ஒரே பையில் ரேஞ்சுக்குக் கொண்டுவந்தார், இரண்டுக்குமான கிளிப்புகள் ஒரே டப்பாவில். பார்த்ததும் நான் என் பெட்டியை மூடிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டேன்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நீளமான .30-06 தோட்டா .308 சேம்பரில் போனால் போல்ட் மூடாது, அங்கேயே நின்றுவிடும், எரிச்சலோடு போகும். ஆபத்து எதிர்ப்பக்கம். .308 தோட்டா .30-06 சேம்பருக்குள் சிக்கலில்லாமல் போய்விடும், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்துக்கொள்ளும், போல்ட்டும் மூடும், சுடவும் சுடும். கூட்டின் தோள், அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் இடம், எதிலும் முட்டாமல் ஊதிப் பெருத்து, கழுத்து நேராகிவிடும், சில சமயம் பிளந்துவிடும். பிளந்தால் சூடான வாயு எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் உறுதி சொல்லமுடியாது. ஆகவே மாற்றிய துப்பாக்கிக்குத் தனிப் பை, தனி டப்பா, டப்பாமேல் பெரிய எழுத்து. வாங்கும்போது ரிசீவரைப் படித்து ஒன்றும் பிரயோசனமில்லை, பேரலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். பொறிப்பும் இல்லை என்றால் சுடாதீர்கள், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளந்து, சேம்பருக்குள் புஷிங் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். அப்புறம் .308-உம் 7.62 நேட்டோவும் ஒன்றா என்ற சண்டை. வெளி அளவில் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் இரண்டுக்கும் அளவுகோல் வெவ்வேறு, ஹெட்ஸ்பேஸ் விதியும் ஒன்றல்ல. உங்கள் பேரல் எதற்கு வெட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டு அதைப் போடுங்கள். இன்னொன்று, காரண்ட்டின் போல்ட்டை இயக்கும் கம்பியான ஆப்பரேட்டிங் ராட் பேரலின் முனைப்பக்கத்திலிருந்து வரும் வாயுவில் ஓடுகிறது. கனமான குண்டும் மெதுவாக எரியும் வெடிமருந்தும் அதை வளைத்துவிடும். கேலிபர் மாறிவிட்டதால் இந்தக் கவலை போய்விட்டது என்று நினைக்கவேண்டாம்.

மூன்றாம்வரிசை:

குறிபார், பாதுகாப்புக்காகச் சொன்னது எல்லாம் சரி, அதில் ஒரு வரியைக்கூட மறுக்கமாட்டேன். 'அசலைத் தொடக்கூடாது' என்பதைத்தான் ஏற்கமுடியவில்லை. மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி அருங்காட்சியகத்தில் .276 காரண்ட்டின் முன் நின்றவன் நான். ஜான் காரண்ட் அந்த வடிவத்தை வளர்த்துக்கொண்டு வந்தது .276 பெடர்சன் தோட்டாவுக்கு, கிளிப்புக்குப் பத்து. 1932-ல், தலைமைத் தளபதியாக இருந்த மக்ஆர்தர் .30-06-ஐ விடமுடியாது என்று சொல்லிவிட்டார். கிடங்குகளில் அந்தத் தோட்டா குவிந்து கிடந்தது, நாடோ பொருளாதார மந்தத்தில் இருந்தது. பத்து எட்டாயிற்று, 1936-ல் துப்பாக்கி ராணுவத்துக்கு வந்தது. நாம் அசல் என்று கொண்டாடும் .30-06 காரண்ட்டே கேலிபர் மாறிப் பிறந்ததுதான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தபோது, வேறு வழியில் போயிருக்கக்கூடிய ஒரு வரலாறே அங்கே நிற்பதுபோல இருந்தது. பக்கத்தில் என் மகள் 'போகலாமா அப்பா' என்று சட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள், என்னால் நகர முடியவில்லை.

இத்தாலியையும் பாருங்கள். பெரெட்டா அங்கே காரண்ட்டை உரிமம் வாங்கிச் செய்தது, பிறகு அதே அமைப்பை 7.62-க்கும் இருபது தோட்டா மேகஸினுக்கும் கொண்டுபோய் பி.எம்.59 ஆக்கியது. அதைப் போய்க் கெடுத்த காரண்ட் என்று சொல்வீர்களா?

குறிபார்:

பெரெட்டா பட்டறை வேறு, வீட்டுக் கொட்டகையில் ஒருவர் செய்வது வேறு. நான் சொன்னது இரண்டாவதை.

மூன்றாம்வரிசை:

அப்படி என்றால் அதைச் சொல்லுங்கள். 'தொடக்கூடாது' என்று மொத்தமாகச் சொன்னால் பழையஇரும்பு வைத்திருப்பதும் அதில் அடங்கிவிடுகிறது.

பழையஇரும்பு:

என்னை நடுவில் இழுக்கவேண்டாம் சார். என் பேரல் தேய்ந்துபோயிருந்தது, எப்படியும் மாற்றவேண்டியதுதான், எங்கள் பக்கம் .308 எளிதாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளை மக்களுக்கு விற்கும் சி.எம்.பி. அமைப்பு கூட புது .308 பேரல் போட்ட காரண்ட்டுகளை விற்றிருக்கிறது. ஏரிக்கரை, அந்தப் பெரியவர் என்ன ஆனார்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

ஏரிக்கரை:

நன்றாக இருக்கிறார். அன்று ரேஞ்ச் ஆபீசர் போல்ட்டைத் திறந்து உள்ளே இருந்த தோட்டாவை எடுத்தார், கிளிப்பில் மிச்சம் இருந்ததையும் எடுத்தார். பெரியவர் அந்த வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது என் துப்பாக்கியிலிருந்தா?' என்று கேட்டார். மறுபடி புஷிங்கை உள்ளே தள்ளி ஒட்டவைத்துவிடலாம் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார், எனக்குக் கோபம் வந்துவிட்டது. கன்ஸ்மித் சேம்பரைப் பார்த்துவிட்டு இந்தப் பேரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், இப்போது .30-06 புதுப் பேரல் போட்டுக்கொண்டு வருகிறார். அவருக்கு விற்ற ஆளின் மேசையில் போன மாதம் இன்னொரு கடற்படைக் காரண்ட்டைப் பார்த்தேன். புஷிங் உண்டா என்று கேட்டேன், தெரியாது என்றார். அவர் எதிரிலேயே, அதை விலை கேட்டுக்கொண்டிருந்த இளைஞரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.