அக்காவுக்குக் காது கேட்டுவிட்டது என்று மேடையில் சொன்னார்கள். உங்கள் அனுபவம் என்ன?

கடைசி பெஞ்ச் (தொடக்கப் பதிவு)

என் அக்காவுக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போனது. கருவி மாட்டினால் கதவு அடித்துச் சாத்துவது, ஹாரன் மாதிரி பெரிய சத்தங்கள் தெரியும். பேச்சைப் புரிந்துகொள்வதெல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். அதில் பயங்கரக் கெட்டிக்காரி. எதிரே நின்று நிதானமாகப் பேசுகிறவர்களுக்கு, இவளுக்குக் காது கேட்காது என்பதே கடைசிவரை தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனோம். பிரசங்கம் முடிந்ததும் காது கேளாதவர்களை முன்னால் அழைத்தார்கள். மேடை ஏறும் முன் கருவிகளைக் கழற்றச் சொன்னார்கள். அக்கா இரண்டையும் என் சட்டைப் பையில் போட்டாள். ஊழியக்காரர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். பிறகு முகத்துக்கு நேரே ஓரடி தூரத்தில் நின்று, "இயேசு, சொல்லுங்க" என்றார். அக்கா "இயேசு" என்றாள். "அல்லேலூயா." அவளும் "அல்லேலூயா." அவ்வளவுதான், கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அணைக்காத கருவி மூடிய இடத்தில் இருந்தால் கீச்சென்று விசிலடிக்கும். அத்தனை பேர் கைதட்டும்போதும் என் பையிலிருந்து அந்த விசில் வந்துகொண்டே இருந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

அவள் இறங்கி வரும்போது பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லுங்கன்னார், சொன்னேன். கேக்குதான்னு யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையேடா" என்றாள்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். மூன்று வாரம் கழித்து, அந்த வீடியோவைப் பார்த்திருந்த சபை அம்மா ஒருவர் அவள் காதில் கருவியைக் கண்டு, "சுகத்தை இழந்துட்டீங்களா சிஸ்டர்? கிடைச்சதைக் காத்துக்கணும்" என்றார். அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை.

நான் அவிசுவாசி அல்ல. தினமும் ஜெபிக்கிறவன்தான். குணமாக்குவது போன்ற ஆவியின் வரங்கள் இன்றைக்கும் உண்டா, இயேசுவின் முதல் சீடரான அப்போஸ்தலரோடு நின்றதா என்று வசனத்துக்கு வசனம் மோதிக்கொள்ள வேறு இடங்கள் இருக்கின்றன. இங்கே நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

எண்ணெய்க்குப்பி

நான் பெந்தெகொஸ்தே சபையில் மூப்பன். யாக்கோபு 5:14-ல் சொன்னபடி, கூப்பிட்ட வீட்டுக்குப் போய் எண்ணெய் பூசி ஜெபிப்பது பதினெட்டு வருடப் பழக்கம். என் சட்டைப் பைகளில் எல்லாம் எண்ணெய்க் கறை. மைக் கிடையாது, மேடை கிடையாது. மூன்று பேர், ஒரு கட்டில், அவ்வளவுதான்.

ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் நீர்க்கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. முந்தின ஞாயிறு ஜெபித்தோம். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனில் கட்டி வற்றியிருந்தது. "சிலது தானாகவே வற்றும்" என்று டாக்டர் ஆபரேஷனை ரத்து செய்தார். அந்தப் பெண் அதைத் தேவன் செய்தார் என்கிறாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். டாக்டர் சொன்னதும் பொய் இல்லை.

அதே மாதம் அதே மூன்று பேர், அதே குப்பியோடு ஆறு வயதுக் குழந்தை ஒன்றின் கட்டிலருகே நின்றோம். அந்த வீட்டில்தான் அதிக நேரம் ஜெபித்தோம். குழந்தையை அடக்கம் செய்தோம்.

எனக்குக் கொஞ்சம் பிடிமானம் தந்தது 1 கொரிந்தியர் 12:9. "குணமாக்கும் வரங்கள்" என்று பன்மையில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் வரம், குணம் இரண்டுமே பன்மை. ஒவ்வொரு சுகமும் தனித்தனியாகக் கொடுக்கப்படும் ஈவு, ஒருவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியும் சக்தி இல்லை என்று அதை வாசிக்கிறவர்கள் உண்டு. மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பனைக் குணமாக்கிய பவுல்தான், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

இரவுப்பணி

நர்ஸ். அவசரப் பிரிவு. சுருக்கமாக எழுதுகிறேன், ஷிஃப்டுக்குப் போக வேண்டும்.

இருபது வயதுப் பையன், சிறுவயதிலிருந்தே இன்சுலினில் இருக்கும் முதல் வகைச் சர்க்கரை நோய். தூக்கிக்கொண்டு வந்தார்கள். இழுத்து இழுத்து மூச்சு, வாயில் அழுகிய பழ வாடை. அந்த வாடை வந்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும், உடம்பு கீட்டோன் அமிலத்தில் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று. "இன்சுலின் கடைசியா எப்போ போட்டீங்க?" அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று நாளாக இல்லை. கூட்டத்தில் சுகமாகிவிட்டது என்று அறிவித்தார்களாம். ஊசி போட்டால் அவிசுவாசம் என்று பையனே நிறுத்திவிட்டான். பிழைத்துக்கொண்டான். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

முதல் வகைக்காரர்கள் இன்சுலினை முழுதாக நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் அப்படித்தான், விடாத வலிப்பில் கொண்டுவந்து விடும். சுகமாகியிருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரியும், டாக்டரே குறைப்பார். பத்துக் குஷ்டரோகிகளை இயேசு என்ன சொல்லி அனுப்பினார்? "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்." அந்தக் காலத்தில் குஷ்டம் போனதா என்று பார்த்துச் சொல்லும் அதிகாரம் ஆசாரியனுக்குத்தான் இருந்தது.

ராத்திரி ஒரு மணிக்கு நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கச் சொன்னால் நானும் ஜெபிப்பேன். டிரிப்பைக் கழற்றிவிட்டு அல்ல.

பழைய வேதாகமம்

நான் மறுபக்கம். வரங்கள் அப்போஸ்தலருடைய காலத்தோடு நின்றன என்று போதிக்கும் சபையில் வளர்ந்தவன், இன்றும் அப்படியே நம்புகிறவன். முதலில் ஒரு திருத்தம். தேவன் குணமாக்குவதில்லை என்று நாங்கள் சொல்வதே இல்லை. எங்கள் ஜெபக்கூட்டத்தில் பாதி நேரம் வியாதியஸ்தர் பட்டியல்தான் ஓடும். நாங்கள் மறுப்பது, தொட்டால் குணமாகும் என்று ஒரு மனிதனுக்கு நிலையான வரம் இன்றும் இருக்கிறது என்பதை. 2 கொரிந்தியர் 12:12-ல் அற்புதங்கள் அப்போஸ்தலனுக்குரிய அடையாளங்கள். 1918-இல் அமெரிக்க இறையியலாளர் வார்ஃபீல்டு இதை விரிவாக வாதாடினார். வரங்கள் எப்போது ஒழியும் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 13:10-ல் "நிறைவானது வரும்போது" என்பதற்கு வேதாகமம் எழுதி முடிந்தது என்று எங்களில் சிலர் பொருள் சொல்வார்கள். எனக்கே அது பலவீனமான வாதமாகத்தான் படுகிறது. அடுத்த வசனங்களில் "முகமுகமாய்" என்று வருகிறதே.

கேட்டது அனுபவம், ஆகவே அதைச் சொல்கிறேன். அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். உறவில் ஒருவர் அழைத்துவந்த ஊழியக்காரர் கட்டிலருகே நின்று, "சாகாமல் பிழைத்திருந்து கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பாய் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று தீர்க்கதரிசனம் உரைத்தார். அன்றிலிருந்து வீட்டில் மரணம் என்ற சொல்லுக்கே தடை. அப்பா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பீரோ சாவி..." என்று ஆரம்பித்தார். அம்மா ஓடிவந்து, "நெகட்டிவா அறிக்கை பண்ணாதீங்க" என்று வாயைப் பொத்தினார். அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சும்மா இருந்தோம். பதினோராம் நாள் போய்விட்டார். சாவி எங்கே என்பது பிறகு எப்படியோ கிடைத்தது. அவர் அன்றைக்கு என்னிடம் சொல்ல நினைத்தது சாவியைப் பற்றி மட்டும்தானா என்று இன்றுவரை தெரியாது.

தீர்க்கதரிசனம் சொன்னவர் அடக்கத்துக்கு வரவில்லை. நடக்காத வார்த்தை கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18:22 சொல்கிறது. வரங்கள் தொடர்கின்றன என்று சொல்லும் சகோதரர்களே, அந்த வசனத்தையும் தொடரவையுங்கள்.

எண்ணெய்க்குப்பி

பிரதர், உங்கள் அப்பா கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை. அது தீர்க்கதரிசன வரமே அல்ல, சங்கீதம் 118:17-ஐ எடுத்து ஒருவர் தலையில் ஒட்டியது. எங்கள் பக்கத்தில் இதை யாராவது எழுந்து சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.

ஒரே ஒரு சங்கதி. நின்றுபோனது என்ற பக்கத்தில் முதலில் இருந்தவர்களில் பழைய காலத்துச் சபைப் போதகர் அகஸ்டினும் ஒருவர். இளமையில் எழுதியபோது அற்புதங்கள் தம் காலம்வரை தொடர அனுமதிக்கப்படவில்லை என்றார். வயதான பிறகு வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்தபோது மனதை மாற்றிக்கொண்டார். எனக்குப் பிடித்தது அவர் மாறியதைவிட, செய்த வேலை. சுகம் கிடைத்தவர்களிடம் எழுத்தில் சாட்சி வாங்கி, அதைச் சபையில் வாசிக்கவைத்தார். இரண்டு வருடம் முடிவதற்குள் ஹிப்போவில் மட்டும் எழுபதுக்குக் கிட்ட சேர்ந்துவிட்டது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே பதிவேடு வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர்களும் பிரான்சிலுள்ள லூர்து விஷயத்தில் அப்படித்தான். 1858-லிருந்து லட்சக்கணக்கானோர் போகும் இடம், ஆனால் மருத்துவர்கள் ஆராய்ந்து ஆயர்கள் அற்புதம் என்று அங்கீகரித்தவை எழுபதைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் கூட்டங்களிலோ ஒரே ராத்திரியில் இருநூறு.

முன்னாள் வாலண்டியர்

அந்த இருநூறு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். நான் மேடைக்குக் கீழே "சாட்சி டீம்"-ல் நான்கு வருடம் இருந்தேன்.

வரிசையில் வருகிறவர்களை முதலில் நாங்கள்தான் விசாரிப்போம். முதுகுவலி, மூட்டுவலி, தலைவலி என்றால் மேலே. பிறவிக் குருடு, துண்டிக்கப்பட்ட கை என்றால், "இங்கேயே ஜெபிக்கிறோம் பிரதர்" என்று ஓரமாக உட்காரவைப்போம். ஏமாற்று என்று அப்போது தோன்றியதே இல்லை. "மற்றவர்களுடைய விசுவாசம் தளரக்கூடாது" என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பாட்டு, வெளிச்சம், ஆயிரம் பேர் பார்வை எல்லாம் சேர்ந்தால் வலி நிஜமாகவே குறைகிறது. அந்தப் பத்து நிமிஷம் அவர்கள் சொல்வது பொய் இல்லை. மறுநாள் காலை அவர்களுக்குப் போன் பண்ணும் டீம் மட்டும் எங்களிடம் இல்லை.

குட்டைக் கால் நீளும் அற்புதம் பார்த்திருப்பீர்கள். நாற்காலியில் இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து உட்காரவைத்து, குதிகாலைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு காலில் ஷூவைச் சற்றே வெளியே இழுத்துவிட்டு, ஜெபிக்கும்போது உள்ளே தள்ளினாலும் போதும். 1986-இல் அமெரிக்க ஊழியக்காரர் பீட்டர் போபாஃப் காதுக்குள் ரேடியோ வைத்துக்கொண்டு, மனைவி சொல்லச் சொல்ல நோயாளிகளின் பெயரையும் வியாதியையும் "வெளிப்பாடாக" அறிவித்ததை ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக்காரர் அம்பலப்படுத்தினார். நான் இருந்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. இல்லாமலேயே நடந்தது, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கடைசி பெஞ்ச் அண்ணா, உங்கள் அக்காவை மேலே அனுப்பியது நானாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். "நல்லாப் பேசுறாங்க, மேலே அனுப்பு" என்று நானே எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

எண்கணக்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2006-இல் அமெரிக்காவில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்து, இரண்டு குழுவுக்காகத் தெரியாத ஆட்கள் ஜெபித்தார்கள். பலன் தெரியவில்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த குழுவில் சிக்கல்கள் 59 சதவீதம், மற்ற இரண்டிலும் 51, 52.

பழைய வேதாகமம்

தேவன் குலுக்கல் முறைக்குக் கட்டுப்படுவார் என்று எங்கள் இரு பக்கத்திலும் யாரும் சொல்லவில்லையே ஐயா. ஆனால் அந்த 59 யோசிக்கவைக்கிறது. "எனக்காக ஜெபிக்கிறார்கள், நான் குணமாகியே தீர வேண்டும்" என்பதே ஒரு பாரமாக இருந்திருக்குமோ?

நான்கு சக்கரம்

அந்தப் பாரம் எனக்குத் தெரியும். முதுகுத்தண்டு அடிபட்டு பன்னிரண்டு வருடமாகச் சக்கர நாற்காலி. முன்பின் தெரியாதவர்கள் வழியில் நிறுத்தி ஜெபிப்பது எனக்குச் சாதாரணம். கேட்காமலே முழங்காலில் கைவைப்பார்கள். முடிந்ததும் "எழுந்து பாருங்க" என்பார்கள். நான் எழவில்லை என்றால் அவர்கள் முகம் வாடும். கடைசியில் நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். சிலர், "ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கா?" என்பார்கள். பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்ன யோவான் 9:3 எனக்கு மனப்பாடம். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல."

ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி. வயதானவர். நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் கண்மட்டத்துக்கு வந்து, "தம்பி, உங்களுக்கு என்னத்துக்காக ஜெபிக்கட்டும்?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. எனக்கே யோசிக்க வேண்டியிருந்தது. "தூக்கம் வரமாட்டேங்குது ஐயா" என்றேன். அதற்காக ஜெபித்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தூங்கினேனா என்று கேட்பீர்கள். அன்றைக்குத் தூங்கினேன். அதற்கடுத்த வாரமும் ஓரளவு. இதை அற்புதப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று இருதரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசி பெஞ்ச்

எல்லாருக்கும் நன்றி. வாலண்டியர் தம்பி, பரவாயில்லை.

முழுவதையும் அக்காவிடம் காட்டினேன். பீரோ சாவியில் அழுதாள். நாற்காலிக்காரர் எழுதியதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் எண்ணெய்க்குப்பி ஐயா எழுதியதைக் காட்டி, "இவங்களை மாதிரி யாராவது வந்து ஜெபிக்கட்டுமாக்கா? இல்ல, அதுவே வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வரட்டும். ஆனா எனக்கு எதிர்ல உக்காந்து, தலை நிமிர்ந்து ஜெபிக்கச் சொல்லு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா எனக்காக என்ன ஜெபிக்கிறாங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள்.