எஃப்ஐ (இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் பீய்ச்சும்) பைக்கில் கார்புரேட்டர் மாட்டலாமா?

கேள்வி: 4 சிலிண்டர் வண்டி. ரெண்டு இன்ஜெக்டர் மக்கர் பண்ணுது. கையில ஒரு செட் கார்புரேட்டர் (கம்ப்யூட்டர் இல்லாம காத்தையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்குற பழைய கருவி) சும்மா கிடக்கு. வீட்லயே மாத்திடலாமாண்ணா?

பதில்: மாட்டுறது பெருசில்ல தம்பி, பெட்ரோல் பம்புதான் வில்லன். அது சுமார் 3 பார் அழுத்தத்துல தள்ளும்; கார்புரேட்டர் நிறைஞ்சதும் பெட்ரோல் வழியை அடைக்கிற மிதவை ஊசி அதைத் தாங்காது. நான் அப்படியே இணைச்சேன். சாவியைத் திருப்பின கொஞ்ச நேரத்துல ஓவர்ஃப்ளோ குழாய்ல கொட்டி, என் செருப்பே நனைஞ்சுது. நல்லவேளை, ஸ்டார்ட்டரை அமுக்கல.

கேள்வி: பம்பைத் தூக்கிட்டு டேங்க்ல திறந்து மூடுற குழாய் ஒண்ணு வெச்சா?

இன்னொருவர்: பெட்ரோல் இறங்கும், ஸ்பார்க்? நேரம் பார்த்து அதைக் கொடுக்குறதும் இன்ஜெக்டரை இயக்குற அதே ஈசியூதான் (வண்டியோட கம்ப்யூட்டர்). அதைக் கழட்டினா தனி இக்னிஷன் வேணும். அப்புறம் ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை முடிவு பண்ற சின்ன துளை) மாத்தி மாத்தி, கலவை சரியான்னு ஸ்பார்க் பிளக்கோட நிறம் பார்த்தே பொழுது போயிடும். ஆமா, இன்ஜெக்டரை அல்ட்ராசானிக்ல (ஒலி அலையால அழுக்கு எடுக்குற மெஷின்) சுத்தம் பண்ணிப் பார்த்தீங்களா?

கேள்வி: ...இன்னும் இல்லண்ணா.