பனிக்காலத்தில் பூக்கும் கமீலியா: உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது?

மேரிலாந்து

நான் குன்னூர்க்காரன். எஸ்டேட் ஓரத்தில் வெட்டிக் கவாத்து பண்ணாமல் விட்ட தேயிலைச் செடி பூப்பதைப் பார்த்து வளர்ந்தவன். வெள்ளை இதழ், நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தத் தாள்கள். இங்கே, அமெரிக்காவின் மேரிலாந்துக்கு, வந்த முதல் நவம்பரில் மரமெல்லாம் மொட்டையாக நின்றபோது, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அதே பூவை இளஞ்சிவப்பில் பார்த்தேன். கிட்டப் போய் ஓர் இலையைத் திருப்பினேன். விளிம்பில் அதே ரம்பப் பல், அதே தடிப்பு. வீட்டுக்காரம்மா வெளியே வந்து, கமீலியா என்றார். தேயிலையும் கமீலியாக்களில் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரே கமீலியாத் தோட்டத்துக்குள் இருந்திருக்கிறது!

ஆசை யாரை விட்டது? அடுத்த அக்டோபரில் ஒரு பெரிய கடையில் தள்ளுபடியில் கிடந்த ஜப்பானிகா வகைக் கமீலியா ஒன்றை வாங்கினேன். சீட்டில் எந்த ஸோன் (குளிரின் அளவை வைத்துப் பிரித்த மண்டலம், எண் குறையக் குறையக் குளிர் அதிகம்) என்று பார்க்கவில்லை. காலையில் காபி குடிக்கும்போது கண்ணில் படட்டும் என்று கிழக்குப் பக்கம், சமையலறை ஜன்னலுக்கு நேரே நட்டேன். நாற்பத்திரண்டு மொட்டு. தினமும் எண்ணியதால் நினைவிருக்கிறது. ஜனவரியில் ஒரு வாரம் கடுங்குளிர். அதற்கப்புறமும் மொட்டுகள் பச்சையாகத்தான் இருந்தன, ஆனால் ஒன்றுகூட விரியவில்லை. பிப்ரவரியில் ஒன்றைப் பறித்து நகத்தால் பிளந்தேன். மேல் செதில்கள் பச்சை. உள்ளே மகரந்தக் கொத்து முழுக்கக் காப்பித்தூள் நிறம். மார்ச்சில் இலையெல்லாம் வெண்கலம் மாதிரி ஆகி, செடி போய்விட்டது.

குளிரைத் திட்டினேன். பாதிப் பழி என்னுடையது. அக்டோபரில் நட்ட செடிக்கு வேர் பிடிக்க நேரமில்லை. தரை உறைந்துவிட்டால் வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. இலையோ உதிர்வதில்லை, காற்றிலும் வெயிலிலும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பனிக்கு நடுவில் நின்றுகொண்டு செடி தாகத்தில் காய்கிறது. போதாக்குறைக்குக் கிழக்கு வெயில்: இரவெல்லாம் உறைந்த மொட்டைக் காலை வெயில் சட்டென்று உருக்கினால் உள்ளே அழுகிப் பழுப்பாகிவிடும்.

பிறகுதான் இங்கே மேரிலாந்துக்குப் பக்கத்திலேயே நடந்த கதையைப் படித்தேன். வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கத் தேசியத் தாவரப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பழைய கமீலியாக்கள் இருந்தன. 1970களின் கடைசியில் அடுத்தடுத்து வந்த கொடிய குளிர்காலங்களில் பெரும்பாலானவை செத்தோ சிதைந்தோ போயின. அசராமல் நின்றவற்றில் ஒன்று சீனாவின் எண்ணெய்க் கமீலியா வகையைச் சேர்ந்த 'லூ ஷான் ஸ்னோ'. அந்த இனத்தின் விதையைப் பிழிந்துதான் அங்கே சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள். பூங்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வில்லியம் அக்கர்மேன், அதை இலையுதிர் காலத்தில் பூக்கும் வகைகளோடு கலந்து புதுச் செடிகளை உருவாக்கினார். 'விண்டர்ஸ்' என்று பெயர் தொடங்கும் பல ரகங்கள் அப்படி வந்தவை. ஸோன் 6 வரை தாங்கும் என்கிறார்கள்.

நான் வைத்திருப்பது 'விண்டர்ஸ் ஸ்டார்'. ஏப்ரலில் நட்டேன், வடக்குப் பக்கம், வேலிக்குப் பின்னால், உயரமான பைன் மர நிழலில். ஏழு வருடமாகிறது, என் தோள் உயரம். இன்று காலை பத்துப் பூ. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி

அண்ணா, எனக்கு 2022 டிசம்பர் 23-ஐ மறக்க முடியாது. காலையில் மழை, குடை பிடித்துக்கொண்டு பையனை ஸ்கூலில் விட்டேன். சாயங்காலம் அதே தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. என்னிடம் இருப்பது வெள்ளை 'ஸ்னோ ஃப்ளர்ரி'. மிச்சமிருந்த பூ எல்லாம் மறுநாள் ஊறிப்போன டீ பேக் மாதிரி தொங்கியது. நான் கவலைப்பட்டது அதற்கில்லை. காற்று அடித்த மேற்குப் பக்கம் இலை முழுக்கக் கருகிப்போய், வீட்டுச் சுவர்ப் பக்கம் ஒன்றுமே ஆகவில்லை. ஒரே செடி, நடுவில் கோடு போட்ட மாதிரி!

செத்துவிட்டது, வெட்டு என்றார் இவர். நான் கிளையில் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். தோலுக்கடியில் பச்சை இருந்தது. மே மாதம் வரை கத்தரியைத் தொடவில்லை. அதற்கப்புறம் கருகின கிளையிலேயே துளிர் வந்தது, நுனி இரண்டு மட்டும்தான் போனது.

இப்போதெல்லாம் டிசம்பர் வந்ததும் மேற்குப் பக்கம் நாலு குச்சி நட்டு, பாஸ்மதி வருகிற சணல் பைகளைப் பிரித்துத் தைத்துத் திரை கட்டிவிடுவேன். செடியைச் சுற்றிக் கட்டுவதில்லை, காற்றை மறைக்க மட்டும். எங்கள் வீட்டில் எவ்வளவு சோறு தின்கிறோம் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.

லண்டன்

எங்களுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை தண்ணி. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படியுமே, அந்தக் குழாய்த் தண்ணியைத்தான் இரண்டு வருசம் தொட்டிக் கன்றுக்கு ஊற்றினேன். இலை மஞ்சளாய்ப் போய் நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது. கமீலியாவுக்கு அமில மண் வேணும். இப்போது வளவில் ஒரு பீப்பாய் வைத்து மழைத் தண்ணி பிடிக்கிறேன்.

இன்னொன்று: ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணம் போய் மூன்று கிழமை நின்றோம். தொட்டி காய்ந்து கிடந்திருக்கு. வந்து பார்க்க இலை நல்லாய்த்தான் இருந்தது. அடுத்த மாசி, பங்குனியில் விரியிற நேரத்தில் மொட்டெல்லாம் பொலபொலவென்று கொட்டினது. அடுத்த வருசத்து மொட்டு கோடையிலேயே உருவாகிவிடுமாம், அந்த நேரத்துத் தாகத்துக்கான தண்டனை ஆறு மாசம் கழித்து வருது. எங்கட கன்றின் பெயர் 'டொனேசன்'. வாடின பூவை அதுவே உதிர்த்துவிடும், ஜப்பானிகா மாதிரிப் பழுப்பு நிறத்தில் பிடித்துக்கொண்டு நிக்காது.

ரொறன்ரோ

நான் தோற்றுப்போன ஆள். தொட்டியில் வைத்துச் சூடாக்காத கராஜில் வைத்தேன், மொட்டு நல்லாய் வந்தது. பார்க்க ஆசையாய் இருந்ததால் நத்தார் பண்டிகைக்கு ஹீட்டர் போட்ட வரவேற்பறைக்குள் கொண்டு வந்தேன். பத்து நாளில் எல்லா மொட்டும் கம்பளத்தில். இந்த முறை கராஜிலேயே கதிரை போட்டு இருந்து பார்க்கிறதாக உத்தேசம். வசந்தத்தில் பூக்கும் குளிர் தாங்கும் வகை உண்டோ?

மேரிலாந்து

இருக்கிறது. வட கரோலினாவில் கிளிஃபர்ட் பார்க்ஸ் என்ற தாவரவியல் பேராசிரியர் உருவாக்கிய 'ஏப்ரல்' வரிசை: ஏப்ரல் ஸ்னோ, ஏப்ரல் ரோஸ் மாதிரி. ஜப்பானிகாதான், ஆனால் தாமதமாகப் பூப்பதால் நடுக்குளிரில் மொட்டு இறுக மூடியிருக்கும். ரொறன்ரோவில் தரையில் நட நான் சொல்ல மாட்டேன், தொட்டியே நல்லது. மற்றவர்கள் நட்டால் வேர்ப்பந்தின் மேல்பக்கம் தரையை விட இரண்டு விரல் உயரமாக இருக்கட்டும். ஆழத்தில் புதைத்தால் அழுகும். மேலே பைன் ஊசி மூடாக்கு, தண்டைத் தொடாமல். தரை உறைவதற்கு முன்னால் ஒரு தடவை வயிறு நிறையத் தண்ணீர்.

லண்டன் தோழி, 'டொனேஷன்' என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. மகளை எல்கேஜி சேர்த்த ஞாபகம்.

போன வருடம் ஒரு தேயிலைச் செடியும் வாங்கி விண்டர்ஸ் ஸ்டாருக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்த அக்டோபரில் வெள்ளையாக ஆறு பூ. வீடியோ காலில் அம்மாவுக்குப் பெருமையாகக் காட்டினேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா, கவாத்து பண்ணாம இப்படிக் காடா விட்டு வெச்சிருக்கே?" என்றார்.