டேங்கிங்: ஒரு சொல்லா, இரு சொற்களா?

வணக்கம்.

கூடைப்பந்துக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் ‘டேங்கிங்’ இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் முன்னிடம் பெறுவதற்காக ஓர் அணி தோல்வியை விரும்புவதுதான் டேங்கிங். இளைஞர்களைக் கொண்டு அணியை மீண்டும் எழுப்பும் ‘ரீபில்டிங்’ என்பதற்கு ‘மறுகட்டமைப்பு’ என்று வைத்தாயிற்று, அதில் சிக்கல் இல்லை. டேங்கிங்குக்கு இதுவரை வந்தவை ‘வேண்டுமென்றே தோற்றல்’, ‘விட்டுக்கொடுத்தல்’, ‘தோல்வித் தந்திரம்’. மூன்றும் பொருந்தவில்லை.

‘வேண்டுமென்றே தோற்றல்’ என்று படிப்பவர், களத்தில் நிற்கும் ஐந்து பேரும் பந்தைக் கைநழுவ விடுகிறார்கள் என்றே நினைப்பார். அது ஆட்ட மோசடி, வேறு குற்றம். டேங்கிங் நடக்கும் அணியிலும் ஆட்டக்காரர்கள் முழு மூச்சாகத்தான் ஆடுவார்கள். அடுத்த ஒப்பந்தமே அந்த ஆட்டத்தை வைத்துத்தான் வரப்போகிறது. தோல்வியைத் தேர்வது நிர்வாகம். யாரை வேறு அணிக்கு அனுப்புவது, யாருக்கு ஓய்வு கொடுப்பது என்ற முடிவுகளில்தான் அது நடக்கிறது. ‘விட்டுக்கொடுத்தல்’ என்றால் பெருந்தன்மை ஒட்டிக்கொள்கிறது. ‘தந்திரம்’ என்றால் ஒரே ஓர் ஆட்டத்துக்கான உத்தி போலிருக்கிறது.

என் முன்மொழிவு: தோல்விநாட்டம். நாடுதல் என்பது மனம் போகும் திசையைச் சொல்கிறது. வினையாகவும் புழங்கும்: ‘இந்த அணி தோல்வி நாடுகிறது’, ‘தோல்வி நாடும் நிர்வாகம்’.

*

ஐயா,

தோல்விநாட்டம் நல்ல சொல். ஆனால் அதோடு நிறுத்தினால் ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆவோம். ரசிகர்கள் இரண்டு வெவ்வேறு செயல்களை டேங்கிங் என்ற ஒரே பெயரால் திட்டுகிறார்கள்.

முதலாவது, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் டல்லாஸ் அணி 2023 ஏப்ரலில் செய்தது. பருவத்தில் இரண்டு ஆட்டங்கள் மிச்சம், பிளே-இன் சுற்றுக்கு (இறுதிக் கட்டத்துக்குள் நுழைவதற்கான தகுதிச் சுற்று) வாய்ப்பும் இருந்தது. ஆனால் அந்த ஆண்டின் டிராஃப்ட் உரிமை (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) முதல் பத்துக்குள் விழுந்தால்தான் டல்லாஸிடம் தங்கும், இல்லையென்றால் நியூயார்க்குக்குப் போய்விடும். சிகாகோவுக்கு எதிராகக் கைரி இர்விங் உட்படப் பலரை உட்கார வைத்தார்கள், தோற்றார்கள். என்பிஏ 7,50,000 டாலர் அபராதம் போட்டது. அந்த அணி மறுகட்டமைப்பில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இதுதான் கலப்படமற்ற தோல்விநாட்டம்.

இரண்டாவது, சான் அன்டோனியோ 2023-24 தொடக்கத்தில் செய்தது. முன்கள ஆட்டக்காரர் ஜெரமி சோஹனைப் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக) ஆட வைத்தார்கள். அவர் தூரத்திலிருந்து எறிய மாட்டார் என்று தெரிந்ததால் எதிரணித் தடுப்பாளர் ஸ்கிரீனுக்கு (தடுப்பாளரை மறித்து நிற்கும் ஆட்டக்காரருக்கு) பின்னாலேயே நழுவி வந்து வழியை அடைத்தார். கூடையை நோக்கி ஓடும் அணியின் இளம் நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமாவுக்குப் பந்து ஒரு நொடி தாமதமாக வந்தது. அந்த ஒரு நொடியில் உதவித் தடுப்பாளர் வந்து நின்றுவிடுவார். புத்தாண்டுக்குப் பிறகு அந்த இடத்தை டிரே ஜோன்ஸுக்குக் கொடுத்தார்கள். பருவம் 22-60 (22 வெற்றி, 60 தோல்வி) என்று முடிந்தது. என் மதிப்பீட்டில் இது தோற்பதற்காகச் செய்ததல்ல. பையனிடம் அந்தத் திறன் இருக்கிறதா என்று பார்க்க வெற்றிகளை விலையாகக் கொடுத்தார்கள். சோதனை பலிக்கவில்லை, ஆனால் செய்த செயல் வேறு.

முன்னது தோல்விநாட்டம் என்றால் பின்னதைத் தோல்வியேற்பு என்று சொல்லலாமா?

*

நண்பரே,

பிரிவு சரி, சொல் சரியில்லை. ‘தோல்வியை ஏற்கிறேன்’ என்பது தேர்தல் முடிவு வந்ததும் வேட்பாளர் சொல்வது. தோல்வியேற்பு என்றதும் முடிந்துபோன ஒன்றை ஒப்புக்கொள்வதாகத்தான் காதில் விழும். மேலும், கொடுத்த விலையை மட்டும் சொல்லி, வாங்கிய பொருளைச் சொல்லாத பெயர் அது. அந்த அணி எதை வாங்குகிறது? இளம் ஆட்டக்காரருக்குக் களத்தில் நேரம். பெயர் அங்கிருந்து வரட்டும்.

*

ஒப்புக்கொள்கிறேன். தோல்வியேற்பைத் திரும்பப் பெறுகிறேன். மாற்றாக: வளர்நிமிடம்.

‘பயிற்சி நிமிடம்’ வேண்டாம், அது ஆட்டத்துக்கு வெளியே நடப்பது. ‘வளர்ச்சி நிமிடங்கள்’ தவறில்லை, ஆனால் நீளம். வளர்நிமிடம் வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. ‘நிமிடமா வளர்கிறது?’ என்று கேட்பார்கள். வளர்பருவம் என்கிறோம், பருவம் வளர்வதாக யாரும் பொருள் கொள்வதில்லை. பெயரெச்சம் கொள்ளும் ஆறு பெயர்களில் காலமும் ஒன்று.

நிமிடம் என்ற அலகு இங்கே உவமையல்ல, கணக்கு. ஓர் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐவர், ஆக 240 நிமிடம். 82 ஆட்டங்களுக்கு 19,680. மறுகட்டமைப்பு என்பது இந்தக் கையிருப்பை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான். மூன்று இளைஞர்களுக்கு ஆளுக்கு 30 கொடுத்தால் 90 போய் 150 மிஞ்சும். அந்த 150-ஐ அனுபவசாலிகளுக்குக் கொடுக்காமல் அதிலும் இளைஞர்களையே நிரப்பும்போதுதான் கெடுகிறது.

ஒரு காட்சி. பிக் அண்ட் ரோலில் (எதிரணியில் ஒருவர் ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடைக்கு ஓடும் ஆட்டம்) இளம் சென்டர், அதாவது கூடையைக் காக்கும் உயரமானவர், கூடையருகே பின்வாங்கி நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். முன்னால் நின்று பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும் கார்டு ஸ்கிரீனில் மோதி அங்கேயே நின்றுவிட்டால், சென்டர் தனியாக இருவரை எதிர்கொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவரை நோக்கி ஏறினால் தலைக்கு மேல் பந்து போகும், ஏறாவிட்டால் அவர் நிதானமாக எறிவார். மறுநாள் காணொளியில் பிழை சென்டருடையதாகத் தெரியும். ஐவருமே கற்றுக்குட்டிகளாக இருந்தால் யார் பிழை எது என்று பயிற்சியாளராலும் பிரிக்க முடியாது. பையன் தவறான பாடத்தைப் படித்துக்கொண்டு போவான். அருகில் பந்தைக் கொண்டுவரத் தெரிந்த ஒருவர், எறியத் தெரிந்த ஒருவர், தடுப்பில் வாய்விட்டுச் சொல்லும் ஒருவர் இருந்தால்தான் வளர்நிமிடத்தில் வளர்ச்சி இருக்கும்.

டெட்ராய்ட் அணியைப் பாருங்கள். 2022-23இல் 17-65, அடுத்த பருவம் 14-68, நடுவே தொடர்ச்சியாக 28 தோல்விகள். இரண்டு முறையும் கடைசி இடம், இரண்டு முறையும் டிராஃப்ட் வரிசைக்கான குலுக்கலில் கிடைத்தது ஐந்தாம் தேர்வு. 2019இல் வந்த விதிப்படி அப்போது கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு சமமாக 14 விழுக்காடுதான் இருந்தது, கடைசி அணி ஐந்தாம் இடம்வரை சரியக்கூடியதாக இருந்தது. அதாவது தோல்வியின் விலைமதிப்பே குறைந்துவிட்டது. பிறகு டோபையஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று கைதேர்ந்தவர்களைச் சேர்த்தார்கள். 2024-25இல் 44-38. அணியின் இளம் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாமின் நிமிடங்களை அவர்கள் பிடுங்கவில்லை, அவர் ஆட இடம் திறந்துவிட்டார்கள். வெற்றியும் வளர்ப்பும் எப்போதும் எதிரெதிர் என்று ரசிகர்கள் வாதிடுவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம்.

*

இரண்டு சொற்களும் சரி. ஆனால் ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எது எதுவென்று எப்படிச் சொல்வது? ஓக்லஹோமா சிட்டி அணி 2020-21இல் அனுபவசாலி ஆல் ஹார்ஃபோர்டை 28 ஆட்டங்களோடு நிறுத்தி வைத்தது. இளைஞர்களுக்கு நேரம் தருவதற்காகவும் இருக்கலாம், கீழே போவதற்காகவும் இருக்கலாம்.

*

இரண்டுக்குமாகத்தான் என்று கொள்ளலாம். சொற்கள் செயலைக் குறிப்பவை, அணியை அல்ல. ஆகவே ஒரே பருவத்தில் இரண்டும் சேர்ந்து வரும். அதே அணி 2025இல் கோப்பையை வென்றபோது, செட் ஹோம்கிரன் சொந்தத் தோல்விகளால் கிடைத்த இரண்டாம் தேர்வு, ஜேலன் வில்லியம்ஸோ கிளிப்பர்ஸ் அணியிடமிருந்து வாங்கிய உரிமையில் வந்த பன்னிரண்டாம் தேர்வு.

பார்ப்பவருக்கான அடையாளம்: கடைசி 5 நிமிடம், வித்தியாசம் 5 புள்ளிக்குள். அப்போது இளம் ஆட்டக்காரர் கையில் பந்து இருந்து, அவர் தவறி, அணி தோற்றால் அது வளர்நிமிடம். நன்றாக ஆடிக்கொண்டிருந்த அவரையே அப்போது வெளியே அழைத்தால் தோல்விநாட்டம். இறுக்கமான முடிவு நிமிடங்களைப் பயிற்சிக்கூடத்தில் உருவாக்க முடியாது, அவற்றைப் பறிப்பவர் வளர்ப்பதாகச் சொல்ல முடியாது.

பட்டியலுக்கான பதிவு:

தோல்விநாட்டம்: டிராஃப்ட் இடத்துக்காக நிர்வாகம் தோல்வி வாய்ப்பைக் கூட்டுதல். ஆட்டக்காரரின் முயற்சியைக் குறிக்காது.

வளர்நிமிடம்: உடனடி வெற்றி குறையலாம் என்று தெரிந்தே, திறன் வளர்வதற்காக இளம் ஆட்டக்காரருக்கு ஒதுக்கும் களநேரம். பன்மை: வளர்நிமிடங்கள்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘களநேரம்’ இன்னும் பட்டியலில் ஏறவில்லை, அடுத்து அதை எடுப்போம்.